கிட்டார் பியூலாவின் பிக் திருடன்

அக்டோபர் 2, ஞாயிறு

ஷிப்பிங் ஆபீசில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியில் ஒன்பது நாள் எழுதியிருக்கிறேன். பிப்ரவரி முழுக்க மளிகைச் சாமான் பட்டியல். அதற்கப்புறம் வெறும் தாள். இன்றைக்கு மறுபடி எடுத்ததற்கு ஞானோதயம் எதுவும் காரணமில்லை. வீட்டில் ஒரு திருடன் இருக்கிறான். நகை நட்டு எதையும் தொடமாட்டான். கிட்டார் பிக் மட்டும்தான் எடுப்பான். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

கம்பியைத் தட்டுகிற அந்தச் சின்ன மூன்று மூலை பிளாஸ்டிக் சில்லை நான் தொலைப்பது புதிதல்ல. பத்தொன்பது வருஷமாகக் கோயில் பாட்டுக் குழுவில், அதாவது கொயரில், கிட்டார் வாசிக்கிறேன். மாதத்துக்கு ஒன்று போகும், அது நியாயமான நஷ்டம். ஆனால் ஆகஸ்டில் பன்னிரண்டு வாங்கினேன், இன்றைக்கு ஒன்றுதான் மிச்சம். இரண்டு மாதத்தில் பதினொன்று. இதைக் கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் அவர்கள்தான் திருடன்.

என் பிக் எது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். மஞ்சள் நிறம், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். வளைந்து கொடுக்கும். தடித்த பிக்கால் வாசிக்கிறவர்களை எனக்கு ஆகாது.

இன்று ஆராதனை முடிந்ததும் கொயர் மாஸ்டர் அறிவித்துவிட்டார். டிசம்பர் 18 கேரல் சர்வீஸ், கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை. வழக்கம்போல முதல் பாட்டுக்கு முன்னால் கோயில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். அந்த இருட்டில் எட்டு பார், என் கிட்டார் மட்டும். ஒரு பாருக்கு நாலு அடி, மொத்தம் முப்பத்திரண்டு அடி. அது முடிந்த பிறகுதான் கொயர் மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டு உள்ளே வரும். தூத்துக்குடியில் பியூலா என்று கேட்டால் எந்த பியூலா என்பார்கள். கிட்டார் பியூலா என்று சொன்னால் ஆட்டோக்காரரே வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். எல்லாம் அந்த எட்டு பாரால் வந்த பெயர்.

அக்டோபர் 5, புதன்

முதல் சந்தேகம் வீட்டுக்காரர் மேல். வேறு யாரும் வீட்டில் இல்லையே.

ஆசீர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். இருபது டன் கண்டெய்னரை லாரி டிரைவர் டீயைக் கீழே வைக்காத அளவுக்கு மெதுவாக இறக்குவார் என்று பெயர். கைதான் அப்படி. காது சுத்த மோசம். கோயிலில் எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு இவர் தட்டுவார்.

“என் பிக்க எடுத்தியளா?”

“எதுக்கு, பல்லு குத்தவா?”

“விளையாடாதீய. பதினோரு பிக்கக் காணல.”

“கிட்டார் ஓட்டைக்குள்ள பாத்தியா?”

கிட்டாரைக் கவிழ்த்துப் பிடித்துக் குலுக்கினோம். உள்ளிருந்து இரண்டு பிக், ஒரு கொண்டை ஊசி, ஒரு செத்த பல்லி வந்தன. பல்லியைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் கேள்வி கேட்க வந்ததை மறந்துவிட்டேன். ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது, எடுத்தாரா இல்லையா என்று அந்த மனுஷன் பதிலே சொல்லவில்லை.

அக்டோபர் 11, செவ்வாய்

இரண்டு போச்சு. ஒன்று சமையலறையில் வைத்து, ஒன்று பிராக்டீசில்.

லூர்து அண்ணன் கடையில் புதிதாக ஆறு வாங்கினேன். இந்தத் தடவை கொஞ்சம் கனமானது, முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். நாற்பத்தேழு வயதில் அரை மில்லிமீட்டர் பிக் சின்னப் பிள்ளைத்தனம் என்று தோன்றியது. பக்குவம் வந்தால் ரசனை மாறும்தானே.

எவர்சில்வர் டம்ளர் கை தவறி விழுந்து நெளிந்துவிட்டது. இப்போதெல்லாம் டம்ளரை ரொம்ப வழவழப்பாகச் செய்கிறார்கள்.

அக்டோபர் 16, ஞாயிறு

மூன்று.

அக்டோபர் 19, புதன்

காலையில் எழுந்தால் வலது கை மரத்துக் கிடக்கிறது. நாலு உதறு உதறினால் சரியாகிறது. தலையணை சரியில்லை. இலவம்பஞ்சு தலையணை ஒன்று வாங்கவேண்டும்.

தேங்காய் துருவ உட்கார்ந்தேன். திருகலே பழசு, பல் மழுங்கிவிட்டது. ஆசீரைக் கூப்பிட்டுத் துருவச் சொன்னேன். சத்தமில்லாமல் வந்து துருவிக் கொடுத்தார். மழுங்கின திருகலில் இவ்வளவு பூவாக எப்படி விழுந்தது என்று தெரியவில்லை. கிரேன் ஓட்டுகிற கை, அழுத்தம் இருக்கும்.

ஆபீசில் நாற்பது பில் டைப் அடித்தேன். கண்டெய்னர் நம்பரில் மூன்று தப்பு. மானேஜர் கூப்பிட்டுக் கேட்டார். கீபோர்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 24, திங்கள். தீபாவளி விடுமுறை

பக்கத்து வீட்டுப் பலகாரம் மூன்று தட்டு வந்தது. அதிரசத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டு மற்றதை ஆசீருக்குத் தள்ளிவிட்டேன்.

சாவகாசமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஆகஸ்டிலிருந்து வாங்கியது பதினெட்டு. தொலைந்தது பதினாறு. மீதி இரண்டு இருக்கவேண்டும். டப்பாவைத் திறந்தால் ஐந்து இருக்கிறது! அதிலும் மூன்று நான் வாங்கவே வாங்காத கனம், ஒரு மில்லிமீட்டர். எடுத்துப் பார்த்தேன். மேலே சொரசொரவென்று கோடு போட்டிருக்கிறது. வாசித்தால் நழுவாமல் நிற்கிறது.

திருடுகிறவன் திருப்பியும் வைப்பானா? அதுவும் உசத்தியானதாகப் பார்த்து வாங்கி?

ஒரு மில்லிமீட்டரை வைத்து ஒரு மணி நேரம் வாசித்தேன். தப்பு சொல்லக்கூடாது, சத்தம் கனமாக, கம்பீரமாக இருக்கிறது. ஆசீரிடம் சொன்னேன்.

“தடி பிக்க வச்சு வாசிக்கிறவன் விறகு வெட்டப் போகலாம்னு போன வருஷம் சொன்னியே.”

“அது அப்ப. மனுஷன்னா மாறணும்.”

“மாறணும் மாறணும்” என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தார். மேலே எதுவும் கேட்கவில்லை. வழக்கமாக இப்படி ஒரு இடம் கிடைத்தால் ஒரு வாரத்துக்கு என்னை ஓட்டுகிற ஆள்.

அக்டோபர் 30, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஊரே பேசப்போகிறது, நானே முதலில் எழுதிவிடுகிறேன்.

காணிக்கைப் பாட்டு. இரண்டு சரணத்துக்கு நடுவே காணிக்கைப் பை கொயரிடம் வரும். அதற்காகப் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை உள்ளங்கையில் பிக்கோடு சேர்த்து முன்கூட்டியே வைத்திருப்பேன். பை வந்ததும் போட்டேன். அடுத்த சரணத்தைத் தொடங்கினேன். சத்தம் கரகரவென்று வந்தது. கம்பி பழசு என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தி வாசித்தேன். கீபோர்டு வாசிக்கிற ரெக்சலின் என்னையே பார்க்கிறாள், கண்ணால் என்னவோ காட்டுகிறாள். நான் அவளுக்குப் புன்னகை செய்தேன்.

பாட்டு முடிந்து கையைத் திறந்தால் பத்து ரூபாய் இருக்கிறது. பிக் காணிக்கைப் பையில்.

ஆராதனை முடிந்ததும் பொருளாளர் ஒரு தட்டில் அந்த பிக்கை வைத்து ஏந்திக்கொண்டு வந்தார். “இந்த வாரம் விசேஷ காணிக்கை வந்துருக்கும்மா. ரசீது யாரு பேருல போட?” கோயில் வாசலில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். பிக்கை வாங்கிக்கொண்டு பத்து ரூபாயைப் போட்டேன்.

ரெக்சலின் மட்டும் சிரிக்கவில்லை. “அக்கா, காசுக்கும் பிக்குக்கும் வித்தியாசம் கைக்குத் தெரியலையா?” என்று கேட்டாள். அவசரத்தில் யாருக்குத்தான் தெரியும் என்றேன்.

நவம்பர் 2, புதன்

ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். நாணயத்தின் பிடிமானம் நன்றாகத்தான் இருந்தது. இனிமேல் ஒன்றரை மில்லிமீட்டர்.

டப்பாவில் பார்த்தால் ஒன்றரை மில்லிமீட்டரில் இரண்டு இருக்கிறது. திருடன் என் டைரியையும் படிக்கிறானோ.

நவம்பர் 6, ஞாயிறு

பிராக்டீசில் எட்டு பாரில் மூன்றாவது பாரிலேயே பிக் விழுந்தது. மறுபடி ஆரம்பித்தேன். ஆறாவது பாரில் விழுந்தது. மாஸ்டர் தேவநேசம் நல்ல மனுஷர், கடிந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். இன்றைக்கு மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“பியூலாம்மா, ஒரு யோசனைதான். ரெக்சலின் கீபோர்டுல கிட்டார் சத்தம் இருக்காம். ஒரு பட்டன அமுக்குனா போதுமாம். ஒருவேளை தேவப்பட்டா…”

“தேவப்படாது மாஸ்டர்” என்றேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன். பட்டனாம். ஒரு வருஷம் பட்டனை அமுக்கிப் பழகிவிட்டால் மறு வருஷம் கிட்டாரையும் கிட்டார்காரியையும் யார் தேடுவார்கள்? அந்த எட்டு பார் கையை விட்டுப் போனால் போனதுதான். நான் அப்புறம் கண்டெய்னர் நம்பர் டைப் அடிக்கிற பியூலா.

நவம்பர் 12, சனி

விடாமல் மழை. குடையோடு லூர்து அண்ணன் கடைக்குப் போனேன். இரண்டு மில்லிமீட்டரில் பிக் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் விசித்திரமாகப் பார்த்தார்.

“நேத்துதான் உங்க வீட்டுக்காரரு வாங்கிட்டுப் போனாரு. ரப்பர் ஒட்டுனது, புதுசா வந்தது. சொல்லலையா?”

“யாரு, ஆசீரா?”

“வாராவாரம் வாராரேம்மா. டூட்டி முடிஞ்சு அந்த ஹெல்மெட்டோடயே வருவாரு. பிடி நழுவாத பிக்கா குடுங்கன்னு ஒவ்வொண்ணா கட்டவிரல்ல வச்சுத் தேச்சுத் தேச்சுப் பாப்பாரு. ஐயா நீங்களும் கத்துக்கிடுதியளான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே போயிருவாரு.”

எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன். குடையை எந்தக் கையில் பிடித்திருந்தேன் என்பது தெரு முனையில்தான் கவனத்துக்கு வந்தது. இடது கையில். ரொம்ப நாளாகவே இடது கையில்தான் பிடிக்கிறேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 13, ஞாயிறு

மத்தியானம் சாப்பாடு ஆனதும் கேட்டேவிட்டேன். “நீங்கதான வாங்கி வைக்கிய?”

மறைக்கப் பார்க்கவில்லை. எழுந்து போய்த் தன் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். பிக். மஞ்சள், ஆரஞ்சு, நீலம், கறுப்பு. எண்ணினேன், இருபத்தாறு. வீட்டில் நான் தொலைத்த அத்தனையும்.

“நீங்கதானா அந்தத் திருடன்!”

“ஆமா.”

“எங்க கிடந்துச்சு இதெல்லாம்?”

“எல்லாம் உன் காலடியிலதான். நீ உக்காந்து வாசிக்கிற நாற்காலிக்குக் கீழ, சிங்குக்குக் கீழ, கட்டிலுக்குக் கீழ. விழுந்ததே உனக்குத் தெரியாது. எழுந்திரிச்சுப் போயி டப்பாவுல தேடுவ.”

“பாத்தா எடுத்துக் குடுக்க வேண்டியதுதான? ஒளிச்சு வைப்பாவளா?”

கொட்டிய பிக்குகளை ஒவ்வொன்றாக டின்னுக்குள் திருப்பிப் போட்டார். “தொலைஞ்சு போச்சுன்னா யாருக்குன்னாலும் தொலையும் பியூலா. கீழ விழுந்து கிடந்தா, கை விட்டுட்டுன்னு ஆயிரும்லா. அத நீ பாக்க வேண்டாம்னு நெனச்சேன்.”

எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது. மூன்று மாதமாக என்னை முட்டாளாக்கியதற்குக் கோபம். கோபத்தில் எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவருடைய சட்டை பொத்தானைப் போட்டுவிட முடியாமல் தையல்காரரைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

பயமாக இருக்கிறது. இந்த டைரியில் முதல் தடவையாக உண்மையை எழுதுகிறேன். என் வலது கையின் மூன்று விரல் செத்துக்கொண்டு வருகிறது, எனக்கு ஏப்ரலிலிருந்தே தெரியும்.

அழுது முடித்துவிட்டு மிச்சமிருந்த மீன்குழம்பில் இன்னொரு தட்டு சாப்பிட்டோம்.

நவம்பர் 17, வியாழன்

எலும்பு டாக்டர் அம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

“ஒரு ரெண்டு வாரமா” என்றேன்.

“ஏப்ரல்லேருந்து டாக்டர்” என்றார் ஆசீர்.

“டம்ளர் கீழ விழுதா?”

“எப்பவாவது.”

“ஒம்பது டம்ளர் டாக்டர். வீட்டுல இப்ப எல்லாமே நெளிசல்தான்.”

டாக்டர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆசீரைப் பார்த்தே மீதிக் கேள்விகளைக் கேட்டார். பிறகு நரம்பில் சின்னச் சின்ன மின்சாரம் கொடுத்து ஒரு சோதனை. மணிக்கட்டில் நரம்பு போகிற வழி குறுகி, நரம்பு நசுங்குகிறதாம். டைப் அடிக்கிறவர்களுக்கு, கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு வரும். நான் இரண்டும் செய்கிறவள், இரட்டைச் சம்பளம். உள்ளங்கையில் சின்னதாக ஒரு கீறல் போட்டு வழியை அகலப்படுத்திவிட்டால் சரியாகும். காலையில் போனால் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

“கிறிஸ்துமஸ் முடியட்டும் டாக்டர், ஜனவரியில செஞ்சுக்கிடுதேன்.”

அவர் என் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே உப்பலாக இருக்கிறது. வலது கையில் அந்த இடம் தட்டையாகிக் கிடக்கிறது. இந்தச் சதை முழுக்க வற்றிவிட்டால் அதற்கப்புறம் ஆபரேஷன் செய்தும் பிடி திரும்பாமல் போகலாம் என்றார். இப்போதே செய்தால் திரும்பும், ஆனால் ஆறு வாரத்துக்கு அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது.

கேரல் சர்வீசுக்கு நாலரை வாரம்தான் இருக்கிறது.

நவம்பர் 20, ஞாயிறு

மூன்று நாளாக மனசுக்குள் இழுபறி. ஆசீர் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. தேங்காய் மட்டும் துருவிக்கொண்டே இருக்கிறார்.

பிராக்டீசில் ரப்பர் ஒட்டிய இரண்டு மில்லிமீட்டர் பிக்கோடு உட்கார்ந்தேன். விழவில்லை. எட்டு பாரும் வாசித்துவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் நான் வாசித்ததை ரெக்சலின் போனில் பதிவு செய்திருந்தாள், போட்டுக் காட்டச் சொன்னேன். யாரோ மரக்கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷமாக மஞ்சள் பிக்கில் வாசித்தவளுக்குத் தெரியாதா? விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வாசிக்கவில்லை.

மாஸ்டரிடம் போய் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். ரொம்பப் பதறிவிட்டார், ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்த கையோடு ரெக்சலினைக் கூப்பிட்டு அந்தப் பட்டனை அமுக்கிக் காட்டச் சொன்னார். அமுக்கினாள். கிட்டார் மாதிரியேதான் இருந்தது, சனியன்.

நவம்பர் 28, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. முடிந்தது. வலிக்கவில்லை. ஆசீர் தோசை ஊட்டிவிட்டார். மூக்கில் சட்னி.

டிசம்பர் 1, வியாழன்

விடுப்பில் இருந்தால் பொழுது போகவில்லை. கட்டுப்போட்ட கையை ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு, கிட்டாரை மடியில் கிடத்தி, இடது கையால் மட்டும் கம்பிகளை அமுக்கி, கார்டு என்கிற சுரக்கூட்டுகளைப் பிடித்து மாற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கிடையாது, விரல் மட்டும் நடக்கும்.

ஆசீர் டூட்டி முடிந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே போகிற போக்கில் கட்டைவிரலால் கம்பிகளை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். முழுசாக ஒரு கார்டு வந்தது.

“இன்னொருக்கா இழுங்க” என்றேன்.

இழுத்தார். நான் கார்டை மாற்றினேன். “இன்னொருக்கா.”

“என்ன பியூலா?”

“கையக் கழுவிட்டு வந்து பக்கத்துல உக்காருங்க. பிஸ்கட் டின்னையும் எடுத்துட்டு வாங்க.”

டிசம்பர் 4, ஞாயிறு

என்ன நினைத்து ஆரம்பித்தேனோ தெரியவில்லை. முப்பத்திரண்டு அடி, எல்லாம் மேலிருந்து கீழே, ஒரே வேகம். இதைவிட எளிதாக உலகத்தில் ஒன்றும் கிடையாது. இவர் ஒரு அடியை வேகமாக இழுக்கிறார், அடுத்த அடிக்கு யோசிக்கிறார். தாளத்தைச் சொன்னால் புரியவில்லை. வாயால் பாடிக் காட்டினால் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு தடவை சண்டை. ஒரு தடவை பிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு டிவி போட்டார்.

டிசம்பர் 9, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. தாளம் என்று சொன்னதுதான் தப்பு. கண்டெய்னரை எப்படி இறக்குவிய என்று கேட்டேன். “இறக்கு, நிறுத்து, ஏத்து, நகத்து” என்றார், ஒரே சீராக, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார் போல. “அதே வேகத்துல வாசிங்க” என்றேன். வந்துவிட்டது! முப்பத்திரண்டு அடியும் கடிகாரம் வைத்த மாதிரி.

பிக் எது என்பதில் மட்டும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. டின்னைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்து, கடைசியில் ஒல்லியான மஞ்சளைத்தான் எடுத்தார். “இதுதான் உன் சத்தம்” என்றார். காது சுத்த மோசம் என்று எழுதிவைத்தேனே, அந்த வரியை அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 11, ஞாயிறு

நேற்று தையல் பிரித்தார்கள். விரலில் ஊசி குத்தினால் வலிக்கிறது! சந்தோஷத்தில் இரண்டு தடவை குத்தச் சொன்னேன்.

ஆசீரை பிராக்டீசுக்கு இழுத்துப் போனேன். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. இவர் கைதட்டுகிற லட்சணம் அவருக்கும் தெரியும். முழுசாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இருட்டுதானம்மா. சரி. ஆனா எட்டு பாரோட நிப்பாட்டிரணும். அதுக்கப்புறம் கீபோர்டு. ஐயாவுக்குப் பாட்டுக்குள்ள வேல கிடையாது.” ஏதாவது ஆனால் பட்டனை அமுக்க ரெக்சலின் தயாராக இருப்பாள் என்றும் சொன்னார்.

ஏற்பாடு இதுதான்: நாங்கள் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்காருவோம். ஆரம்பிக்க முழங்காலால் ஒரு இடி. நிறுத்த இரண்டு இடி.

டிசம்பர் 17, சனி

கொயர் கவுன்களில் பெரியதை ஆசீருக்குப் போட்டுப் பார்த்தோம். முழங்காலுக்குக் கீழே நிற்கிறது. “இருட்டுதான” என்றார். ராத்திரி ஏழு தடவை வாசித்தோம். கை நடுங்குகிறதா என்று கேட்டேன், கிரேன் டிரைவரிடம் கேட்கிற கேள்வியா என்றார். ஆனால் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார்.

டிசம்பர் 18, ஞாயிறு

ஆறரை மணிக்கு விளக்கெல்லாம் அணைந்தது. கோயில் நிறைய ஜனம், ஒரு குழந்தைகூட அழவில்லை. என் இடது கை கிட்டாரின் கழுத்தில், அவருடைய வலது கை கம்பியின் மேல். பக்கத்தில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. முழங்காலால் இடித்தேன்.

முதல் அடி விழுந்தது. என் சத்தம். சத்தியமாக என் சத்தம். இரண்டாவது பாரில் கொஞ்சம் வேகம் கூடினார், காதுக்குள் “இறக்கு, நிறுத்து” என்றேன், நிதானத்துக்கு வந்துவிட்டார். நாலு, ஐந்து, ஆறு. நான் கார்டு மாற்றுகிற ஒவ்வொரு இடத்திலும் அவருடைய அடி சரியாக வந்து விழுந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இவ்வளவு ஒழுங்காக நாங்கள் ஒன்றும் சேர்ந்து செய்ததில்லை.

எட்டாவது பார் முடிந்தது. இரண்டு இடி இடித்தேன்.

அவர் நிறுத்தவில்லை. மறுபடி இடித்தேன். அவர் உதட்டுக்குள் எண்ணுவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாசலில் முதல் மெழுகுவர்த்தி தெரிந்தது, கொயர் பாட்டை எடுத்துவிட்டது, இவர் அடித்துக்கொண்டே இருக்கிறார். நான் என்ன செய்ய? கார்டை மாற்றினேன். முதல் சரணம். ரெக்சலின் கீபோர்டில் கையை வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து, எடுத்துவிட்டாள். மாஸ்டர் திரும்பி முறைத்தார். பிறகு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எங்கள் பக்கமாகக் கையை ஆட்டினார், போங்க போங்க என்று. இரண்டாவது சரணம். மூன்றாவது சரணம். மெழுகுவர்த்தி வெளிச்சம் எங்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டது, பார்த்தால் இவர் கண்ணை இறுக மூடியிருக்கிறார். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள், ஒரு கிட்டாரில் இரண்டு பேரை, முழங்காலோடு நிற்கிற கவுனை.

பாட்டு முடிந்து விளக்குப் போட்டார்கள். அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

“முப்பத்திரண்டு முடிஞ்சுட்டா?”

“முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. அத்தன இடி இடிச்சேன், தெரியலையா?”

“வேகமா வாசிக்கச் சொல்லுதன்னு நெனச்சேன். நான் வேகமா வாசிப்பனா, டூட்டியில எவன் ஹாரன் அடிச்சாலும் நான் அசைய மாட்டேன்.” கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். பிக்கின் மூலை அழுந்திச் சிவந்திருந்தது. “அது சரி, நீ ஏன் விட்ட? கம்பிய ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா சத்தம் நின்னுருக்கும்லா?”

நின்றிருக்கும். இடது கையை லேசாக விரித்துக் கம்பிகளின் மேல் வைத்தால் போதும். அது எனக்கு முதல் சரணத்திலேயே தெரியும்.

“அடுத்த பாட்டு பாருக்கு மூணு அடி” என்றேன். “எண்ணத் தொடங்குங்க.”